கிராமபோன் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் என் வீட்டு அஞ்சடியில், அதாவது வாசல் நடையில், ஒரு மேசை கிடக்கிறது. அதன் மேல் வந்து உட்காரும் கிராமபோன் பெட்டிகளில் பல, "ஸ்பிரிங் போயிருச்சு ஐயா" என்ற தீர்ப்போடுதான் வருகின்றன. திறந்து பார்த்தால் ஸ்பிரிங் நன்றாக இருக்கும். ஊசியைப் பிடித்து ஒலியெழுப்பும் வட்டப் பெட்டியான சவுண்ட் பாக்ஸுக்குள் இருக்கும் ரப்பர் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் கிரீஸ் காய்ந்து தாராகியிருக்கும். நம் ஊர் வெக்கையும் கடல்காற்றும் இந்த இரண்டையும்தான் முதலில் தின்கின்றன. எனவே கோளாறு எதுவானாலும் ஊசிப்பக்கம் இருந்து ஆரம்பியுங்கள், மோட்டாரைக் கடைசியில் பாருங்கள். காசும் குறையும், விரலும் தப்பும்.

கீழே சொல்வது சாவி கொடுத்து ஓடும், 78 வேகத் தட்டுப் பெட்டிகளுக்கு, அதாவது தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை. எச்.எம்.வி. 101, 102 மாதிரியான கைப்பெட்டிகள்தான் நம் பக்கம் அதிகம். குழல் வைத்த மேசைப் பெட்டிக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

கை வைப்பதற்கு முன்

மோட்டார் பலகையின் திருகைத் தொடுமுன் ஸ்பிரிங்கில் இருக்கும் விசை முழுவதும் இறங்கியாக வேண்டும். ஊசியைக் கழற்றி, பிரேக்கை விட்டு, சுழல்தட்டைத் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். நின்ற பிறகும் விரலால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள், மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு சுற்று ஓடும்.

இருபது வயதில் நான் இதைச் செய்யவில்லை. முழுச் சாவி கொடுத்த பெட்டியில், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மட்டும் கழற்றினேன். பிடித்து வைத்திருந்தது அந்தக் கவர்னர்தான். அது போனதும் மொத்தப் பல்சக்கரமும் ஒரே ஓலமாகச் சுழன்று, நடுவில் இருந்த என் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோய்விட்டது. புது நகம் இன்றுவரை கோணலாகத்தான் வளர்கிறது.

சாவி ஏறியிருந்தும் தட்டு ஓடாமல் இறுகி நிற்கிறது என்றால் அந்தப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். அது பழக்கமானவர் கைக்குப் போகட்டும்.

பாட்டு கரகரக்கிறது, உச்சத்தில் வண்டு மாதிரி இரைகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "தட்டு பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் புது ஊசி போடுங்கள். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். அரக்குத் தட்டில் கல்பொடி மாதிரி ஒரு அரைப்பொருளைக் கலந்தே வார்த்திருப்பார்கள். முதல் சில சுற்றிலேயே அது ஊசிமுனையைத் தன் பள்ளத்துக்குத் தகுந்தபடி தேய்த்துக்கொள்ளும். மூன்று நிமிடம் முடியும்போது முனையின் இரு பக்கமும் உளிபோல் விளிம்பு கட்டியிருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் அந்த உளி பள்ளத்தைச் செதுக்கும். பாட்டு முடிந்ததும் தட்டில் சாம்பல் நிறக் கோடு தெரிகிறதா? அது தூசி இல்லை, பள்ளச்சுவர் போனதன் அடையாளம். பிறகு எந்த ஊசி போட்டாலும் அந்தக் கரகரப்பு போகாது.

புது ஊசியிலும், வேறு நல்ல தட்டிலும் இரைச்சல் இருந்தால் ஓடும்போதே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஊசித் திருகு இறுக்கமா? சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கையின் (டோன் ஆர்ம்) மூட்டை விரலால் லேசாக அழுத்தினால் இரைச்சல் நிற்கிறதா? மூடியின் கீல், ஒலி வெளிவரும் வலைத் தகடு, கைப்பிடி வளையம்? ஒருமுறை அரை மணி நேரம் சவுண்ட் பாக்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு, இரைந்தது மூடிக்குள் கிடந்த ஊசி டப்பா என்று கண்டுபிடித்தேன்.

இதில் எதுவும் இல்லையென்றால் சவுண்ட் பாக்ஸைக் கழற்றிக் காதருகே பிடித்து, ஊசி முனையை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். "டக்" என்று தெளிவாக, சின்ன உடுக்கை மாதிரி கேட்டால் நல்லது. "டர்" என்று சிதறினாலோ, மொத்தையாகக் கேட்டாலோ உள்ளே ரப்பர் வளையங்கள் செத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்றுவது எப்படி? மைக்கா தகடு வைத்த சவுண்ட் பாக்ஸுக்குத்தான் இதைச் சொல்கிறேன். 101இல் வரும் நான்காம் எண் அந்த வகை. 102இல் பின்னாளில் வந்த 5ஏ, 5பி இரண்டிலும் அலுமினியத் தகடு. மெல்லிசு, ஒருமுறை நசுங்கினால் நிமிராது. அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

மைக்காவின் நடுவில் ஊசித்தண்டின் நுனியைப் பிடித்திருக்கும் பொடித் திருகு ஒன்று உண்டு, மேலே மெழுகு பூசியிருக்கும். மெழுகைச் சுரண்டி அதை முதலில் விடுவியுங்கள். இதை மறந்து பின்மூடியை இழுத்தால் மைக்கா நடுவில் கிழியும். பிறகு பின்பக்கத் திருகுகள். பழைய ரப்பர் துண்டு துண்டாக, பிஸ்கட் மாதிரி உதிரும். மரக்குச்சியால் எடுங்கள், கத்தி வேண்டாம். மூடி வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவை வார்ப்புகள் வயதாக ஆக உள்ளுக்குள்ளேயே வெடிக்கும், நம் ஈரப்பதத்தில் இன்னும் சீக்கிரம். மேலே மயிரிழை விரிசல் தெரிந்தால் அப்படியே வைத்துவிட்டு வேறு சவுண்ட் பாக்ஸ் தேடுவது உத்தமம்.

புது வளையத்துக்கு மெல்லிய, மெதுவான ரப்பர் குழாய் வேண்டும். சைக்கிள் வால்டியூப் தடிமன் பொருந்தினால் அதுவே போதும். கித்தா மரத்துக்கு நடுவில் வளர்ந்தவர்கள் நாம், ரப்பருக்கா பஞ்சம்? தகட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சுற்றளவை நூல் வைத்து அளந்து வெட்டுங்கள். இரு முனையும் ஒட்டி நிற்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, இடைவெளியும் விழக் கூடாது. மைக்காவின் விளிம்பு சுற்றிலும் எங்கேயும் உலோகத்தைத் தொடக் கூடாது. திருகுகளை ஒவ்வொன்றாக முழுதும் முறுக்காமல், எதிரெதிராகக் கால்சுற்று கால்சுற்றாக ஏற்றுங்கள். தகடு நகராமல் நின்றால் போதும். இறுக்கினால் குரல் கம்மிப்போகும்.

இப்போது முக்கியமான இடம். ஊசித்தண்டின் நுனி மைக்காவின் நடுத்துளையை வந்து தொடுகிறது அல்லவா? திருகைப் போடுவதற்கு முன் அது தானாகவே அங்கே வந்து நிற்க வேண்டும். தகட்டைத் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ நின்றால், அந்தத் திருகைப் போட்டதும் தகடு குழிந்துபோய், உச்ச சுரத்தில் கட்டாயம் இரையும். தண்டின் இரு பக்கமும் உள்ள பிடிமானத் திருகுகளை ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் தளர்த்தினால் மறுபக்கம் அதே அளவு ஏற்ற வேண்டும். பொறுமை இருந்தால் அரை நாள் வேலை. கடைசியில் நடுத்திருகின் மேல் ஒரு சொட்டு தேன்மெழுகு. காற்று கசியாமல் இருக்கத்தான் அது, அலங்காரத்துக்கு இல்லை.

மைக்காவில் வெள்ளைத் திட்டாக அடுக்குப் பிரிந்திருந்தால் இத்தனையும் வீண். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே வேலையில் இறங்குங்கள்.

குரல் மாறிப்போச்சு

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு பாட்டி வந்தார். "தம்பி, எங்க வீட்டுல கே.பி. சுந்தராம்பாள் பாடினா ஆம்பளைக் குரலா கேக்குது. பெட்டிக்குள்ள என்னமோ ஆயிருச்சு." பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரன் வேகக் குமிழைத் திருப்பி விளையாடியிருக்கிறான்.

தட்டு 78 சுற்றுக்குப் பதில் 74 சுற்று ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கும். கிட்டப்பா, சுந்தராம்பாள் போன்றவர்களின் பெயரே அவர்கள் எட்டிய உச்சத்தில்தான் இருக்கிறது, அங்கே அரைக்கட்டை இறங்கினால் ஆளே மாறிவிடுவார்.

எளிய சோதனை: இசைத்தட்டின் ஓரத்தின் கீழ் ஒரு காகிதத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, ஊசியைத் தட்டில் இறக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை காகிதம் வருகிறது என்று எண்ணுங்கள். ஊசி இறங்காமல் எண்ணாதீர்கள். பாரம் ஏறினால் வேகம் குறையும்.

கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து, மின்விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்கின்றனவா என்றும் பார்க்கலாம். ஆனால் அதில் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு 77 கோடு போட்ட அட்டை வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் அட்டையில் 92 கோடு, அது 60 ஹெர்ட்ஸுக்கு. அந்த அட்டையை இங்கே வைத்து, கோடுகள் அசையாமல் நிற்கும் வரை குமிழைத் திருப்பினால் தட்டு 65 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரைக் கட்டை காலி. இன்னொன்று, பெரும்பாலான எல்.ஈ.டி. விளக்கில் கோடே தெரியாது. பழைய சோக் வைத்த டியூப்லைட் வேண்டும், கோயில் மடப்பள்ளியிலோ பழைய கடையிலோ இன்னும் எரியும்.

1925க்கு முன், மைக் வருவதற்கு முன் பதிவான தட்டுகள் எல்லாம் 78 என்று நினைக்க வேண்டாம். சில மெதுவாகவும் சில வேகமாகவும் பதிவானவை. அங்கே உங்கள் காதுதான் குமிழ்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக இறங்குகிறது என்றால் அது வேறு. பெட்டி பாதிச் சாவியில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் சாவி கொடுக்க வேண்டும். முழுச் சாவியிலும் 10 அங்குலத் தட்டு ஒரு பக்கம் தாங்கவில்லை என்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதைவிட அதிகமாக நடப்பது, பல்சக்கரங்களில் பழைய எண்ணெய் பசையாகி இழுப்பது. மண்ணெண்ணெயில் கழுவி, அச்சுமுனைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்லுக்கு மெல்லிசாக கிரீஸ். பிறகு சொல்லுங்கள் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று.

சுவரில் தொங்கும் நீலமஞ்சள் WD-40 டப்பாவை எடுத்து அடித்துவிடாதீர்கள். கார் பழுதுபார்க்கும் ஃபோர்மேன் கடையில் துருப்பிடித்த நட்டுக்கு அது சரி. கிராமபோனில் அடித்தால் இருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு, தானும் காய்ந்து பிசினாக நிற்கும்.

சுருதி அலைகிறது

நாகஸ்வரத் தட்டு ஒன்று போடுங்கள். ராஜரத்தினம் பிள்ளை ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும் இடத்தில் தெரிந்துவிடும். அவர் கமகம் போடுகிறாரா, உங்கள் பெட்டி போடுகிறதா என்று.

ஒலிக்கும்போது கையைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது இடவலமாக அசைந்தால் குற்றம் தட்டில். நடுத்துளை நடுவில் இல்லை. மேலும் கீழுமாக எழும்பினால் தட்டு வளைந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் வேகமாக நடுங்கினால் கவர்னர்.

கவர்னர் என்பது மூன்று ஈயக் குண்டுகள் தட்டையான ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு தண்டு. வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும், தகடு தோல் துண்டில் உரசும், வேகம் அடங்கும். நடுங்குவதற்குப் பொதுவான காரணம் அந்தத் தோல் காய்ந்துபோவது. கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு சொட்டு எண்ணெய் ஊறவிடுங்கள். அடுத்து அந்த மூன்று தட்டை ஸ்பிரிங். ஒன்றில் விரிசல் இருந்தாலும், திருகு தளர்ந்திருந்தாலும் குண்டுகள் சமநிலை இழந்து ஆடும். ஒன்று உடைந்தால் மூன்றையும் ஒரே தடிமனில் மாற்ற வேண்டும்.

மோட்டார் உறுமினால் பார்க்க வேண்டிய இடமும் இதற்குப் பக்கத்தில்தான். கவர்னர் தண்டின் இரு முனைத் தாங்கிகளையும் திருப்பி, பல் கடிக்கும் ஆழத்தை மாற்றலாம். இறுக்கினால் உறுமும், தளர்த்தினால் சலசலக்கும். தண்டு முன்னும் பின்னும் மயிரிழை அளவு அசைய இடம் இருக்க வேண்டும்.

உள்ளே "டொம்" என்று இடிக்கிறது

பாட்டு நடுவில் பெட்டிக்குள் யாரோ குத்துவது போல் ஒரு சத்தம், தட்டும் ஒரு துள்ளல் துள்ளும். ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும் டிரம்முக்குள் கிராஃபைட் கிரீஸ் இறுகிவிட்டது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுவிசை கூடியதும் திடீரென்று விடுபடும். அந்த விடுபடல்தான் இடி.

மருந்து ஒன்றுதான். ஸ்பிரிங்கை டிரம்மிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பச் சுருட்ட வேண்டும். சாவி முழுதும் இறங்கியிருந்தாலும் டிரம்முக்குள் அது அடைபட்டுத்தான் கிடக்கிறது. மூடியைத் திறந்து ஒரு முனை வெளியே வந்தால் மீட்டர் கணக்கில் எஃகுப் பட்டை பாம்பாகச் சீறும். தடித்த கையுறை, கண்ணாடி, துணி மூட்டை எல்லாம் வைத்துக்கொண்டு நான் செய்கிறேன். இதை இங்கே படித்துவிட்டுச் செய்யாதீர்கள், ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு கடையில் இதற்குச் சுருக்கு வழியாக டிரம் ஓட்டையில் மெல்லிய எண்ணெயை ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு எண்ணெய் முழுதும் ஒழுகி, அடிப்பலகை ஊறி, மேசை விரிப்பு வரை கறுப்பாகிவிட்டது.

சாவி கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், பிடிக்கவே இல்லை

இது ஒன்றில்தான் ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று சந்தேகப்படுவது நியாயம். நள்ளிரவில் பெட்டிக்குள் "டமார்" என்று கேட்டு வீடே எழுந்திருக்கும், முழுச் சாவியோடு மூடிவைத்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் மிச்ச விசையை ஓடவிட்டு மூடுவது நல்ல பழக்கம்.

நடு அச்சில் மாட்டும் உள்முனை உடைந்திருந்தால் அந்த முனையை நெருப்பில் காட்டி மென்மையாக்கி, புதுத் துளை போட்டு மாட்டிவிடலாம். நீளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நடுவில் உடைந்தால் புதுசு. வாங்கும்போது மாடல் பெயரோடு அகலம், தடிமன், டிரம்மின் உள்விட்டம் மூன்றையும் அளந்து சொல்லுங்கள், முனை கொக்கியா துளையா என்பதையும்.

சாவி பிடிக்கிறது, ஆனால் கையை விட்டதும் திருப்பி அடிக்கிறது என்றால், சாவி பின்னால் சுழலாமல் தடுக்கும் ராட்செட் தேய்ந்திருக்கிறது. மணிக்கட்டு ஜாக்கிரதை.

ஊசி வழுக்குகிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது

மட்டம் பாருங்கள். பழைய வீட்டுத் தரை எதுவும் மட்டமாக இருப்பதில்லை. அடுத்தது கையின் அடிமூட்டு. பிரேக் போட்ட நிலையில் சவுண்ட் பாக்ஸைத் தூக்கிப்பிடித்து ஒரு விரலால் தள்ளினால் தயக்கமில்லாமல் நகர வேண்டும். பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் தடவினால் பெரும்பாலும் சரியாகும். ஊசி தட்டோடு ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

சவுண்ட் பாக்ஸ் மேல் 20 சென் காசு வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சவுண்ட் பாக்ஸே ஏற்கெனவே நூறு கிராமுக்கு மேல் எடை. அதே காரணத்தால்தான் எல்.பி. தட்டை இதில் போடவே கூடாது, ஒரே ஓட்டத்தில் பாட்டு போய்விடும்.

தட்டில் பூசணம் படர்ந்து அதனால் வழுக்கினால், வெதுவெதுப்பு கூட இல்லாத தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் கழுவித் துடையுங்கள். ஸ்பிரிட் தொடவே தொடாதீர்கள். மரவேலைக்காரர் அரக்கைக் கரைத்து மெருகு பூசுவது அதே ஸ்பிரிட்டில்தான், உங்கள் தட்டும் அரக்குதான்.

சத்தம் கம்மி

மெல்லிய ஊசியா? தடித்த ஊசி போட்டால் உரக்கக் கேட்கும். சவுண்ட் பாக்ஸ் கையில் சேரும் இடத்து ரப்பர் சுருங்கியிருக்கிறதா? காற்று கசிந்தால் முதலில் போவது கீழ்சுரம், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம். பிறகு குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு பெட்டியில் ஒலிக்குழாயின் வளைவில் முழுசாக ஒரு குளவிக்கூடு, அதன் பின்னால் இரண்டு பல்லி முட்டை.

புதுசாக வாங்கினேன், எதுவுமே சரியில்லை

பளபளக்கும் பித்தளைக் குழல், எண்கோணப் பெட்டி, முன்னால் நாய் படம். குழல் புதுசு, பெட்டி புதுசு, உள்ளே ஏதோ ஒரு கைப்பெட்டியிலிருந்து பிடுங்கிய மோட்டார். இந்தியாவில் சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்யப்படும் இந்த வகை லோரோங் கூலிட் சந்தை வரை வருகிறது. கையின் வளைவும் நீளமும் தப்பாக இருப்பதால் ஊசி பள்ளத்தில் கோணலாகவே உட்காரும். மேலே சொன்ன எதைச் செய்தாலும் அது திருந்தாது. வரவேற்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நல்ல பழைய மோட்டார் இருந்தால், மோட்டார் செத்த கைப்பெட்டி ஒன்றுக்கு அதை மாற்றிவிடலாம். நான் அப்படி இரண்டு செய்திருக்கிறேன், இரண்டும் ஓடுகின்றன. ஆனால் தாத்தாவின் தட்டை மட்டும் அந்தப் பித்தளைக் குழல் பெட்டியில் போட்டுப் பார்க்காதீர்கள்.